கேட் திறக்கவே ஒன்பது நிமிடம்

போன மாதம் ஒன்பதாம் கட்டைக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தில், குலை வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மார்பைப் பிடித்தபடி செம்பனை நிரையிலேயே சாய்ந்துவிட்டார். 999 அவசர எண்ணுக்குப் போன அழைப்பு ஆம்புலன்ஸில் வேலை செய்யும் எங்களுக்கு வந்ததும் கிளம்பினோம். பட்டணத்திலிருந்து 24 நிமிட ஓட்டம். போய்ச் சேர்ந்தால் தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தது. சாவி ஜாகாவிடம் (காவல்காரரிடம்), ஜாகா சாப்பிடப் போயிருந்தார். அதில் இன்னும் ஒன்பது நிமிடம். இந்த வருடம் இப்படிப் பார்ப்பது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். அது நிற்கும் இடத்தை இப்போது மாற்றப் போகிறார்கள். அதைப் பற்றி நடந்த ஊர்க் கூட்டத்தில் பெரும்பாலானோர் சொன்னது, "மண்டபத்துக்குப் பக்கத்துல நிலம் சும்மா கிடக்கு, அங்கேயே வைங்க. அதான் எல்லாருக்கும் நடு."

நடு என்றால் எதற்கு நடு? கடைத்தெருவுக்கு நடு, சரி. கணக்குக்காக, பட்டணத்தில் 600 வீடு, தோட்டங்களில் 300 வீடு என்று வையுங்கள். வண்டி மண்டபத்தில் நின்றால் பட்டணத்துக்கு 3 நிமிடம், தோட்டத்துக்கு 24. சராசரி 10. அதையே தோட்டப் பாதை பிரியும் முச்சந்தியில் நிறுத்தினால் பட்டணத்துக்கு 9, தோட்டத்துக்கு 15. சராசரி 11. ஒரே ஒரு நிமிட வித்தியாசம்! ஆனால் கடைசி லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருப்பவருக்கு 9 நிமிடம் மிச்சம். இதயம் நின்றபின் யாரும் மார்பை அழுத்தாமல் விட்டால், நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. பட்டணத்தாருக்கு 6 நிமிடம் கூடுவது சின்ன விஷயம் இல்லை, தெரியும். ஆனால் அவர்களுக்குக் கிளினிக் பக்கத்தில் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் காரும் இருக்கிறது. லயத்தில் என்ன இருக்கிறது? தோட்டத்திலேயே மருந்து கொடுக்க டிரஸர் இருந்த காலமும் போய்விட்டது.

சராசரியைக் குறைக்கும் இடம் வேறு, கடைசி ஆளுக்கான தூரத்தைக் குறைக்கும் இடம் வேறு என்று 1964லேயே ஹக்கிமி என்ற ஆய்வாளர் கணக்கில் பிரித்துக் காட்டிவிட்டார். குறித்த நேரத்துக்குள் எல்லோரையும் எட்டக் குறைந்தது எத்தனை நிலையம் வேண்டும் என்ற கேள்வியை 1971ல் தோரேகாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு நிலையத்துக்குப் பணம் இல்லாவிட்டால், இருப்பதை வைத்து அதிகம் பேரை எப்படி எட்டுவது என்று 1974ல் சர்ச், ரெவெல் என்ற இரு ஆய்வாளர்கள் கேட்டார்கள். கூட்டத்தில் இதில் எந்தக் கேள்வியும் எழவில்லை. நிலம் யாருடையது என்பதையே பேசிக்கொண்டிருந்தோம்.

தயவுசெய்து வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் பாலம் எங்கே இருக்கிறது? ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரி முன்னால் போனால் செம்மண் சாலையில் முந்தவே முடியாது. இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்வரை ஊரில் வண்டியே கிடையாது. அந்த நேரத்துக்குப் பக்கத்து ஊர் வண்டி வர ஏற்பாடு இருக்கிறதா? நிலத்தைப் பற்றிப் பேசும் முன் அதைக் கேளுங்கள்.

நிலையம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கேட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்றை வாசலுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். நிர்வாகியிடம் சொல்லி ஒவ்வொரு லயத்துக்கும் எண் பலகை வைக்கச் செய்யுங்கள், இரவில் தெரிகிற அளவுக்கு. 999-க்கு அழைத்ததும் ஒருவர் மோட்டாரில் முச்சந்திக்கு வந்து நில்லுங்கள். "மாரியம்மன் கோயில் பக்கம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், இந்த வட்டாரத்தில் அப்படிக் கோயில்கள் பல. ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர். நாங்கள் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தோட்டத்திலிருந்து நாலு பேராவது வாருங்கள் அண்ணே, அக்கா. வருவதற்கு முன் உங்கள் லயத்திலிருந்து மண்டபம்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போது ஒரு தடவை, லோரி ஓடும் நேரத்தில் ஒரு தடவை. அந்தத் தாளை நான் கூட்டத்தில் வாசிக்கிறேன்.