தாத்தா கையில் இருப்பது எந்த அட்டை?

"அப்பாவுக்கு ஆயுஷ்மான் அட்டை இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் அவங்களே பாத்துப்பாங்க" என்று நம்பி ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பணம் கட்டச் சொன்னதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையை வாங்கிப் பார்த்தால் அது ஆபா (ABHA), அதாவது ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு. 14 இலக்க எண். பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கணினியில் ஒரே கணக்கில் சேர்ப்பதற்கானது. காப்பீடு ஒரு ரூபாய்க்குக்கூடக் கிடையாது. முகாம் போட்டுப் பதிந்து தருபவர்கள் இதை வாய்திறந்து சொல்வதில்லை.

ஆபா கட்டாயமும் இல்லை. அது இல்லாததால் சிகிச்சை கிடையாது என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. ஆனால் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில், ஆபா வழியாகப் பதிவதற்கான கியூஆர் கோடு ஒட்டிய பலகையைக் காட்டி, "போன்ல ஸ்கேன் பண்ணிட்டு வாங்க பாட்டி" என்கிறார்கள். பாட்டியின் சுருக்குப் பையில் இருப்பதோ பட்டன் போன். அங்கே மசியாதீர்கள். "கையால சீட்டு எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

காப்பீடு வேறு. 70 வயது நிரம்பியவர்களுக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29-இல் தொடங்கியது. வருமான வரம்பு இல்லை, ஆண்டுக்கு 5 லட்சம். சிக்கல் வயதில்தான். அட்டை தருபவர்கள் பார்ப்பது ஆதாரில் உள்ள வயதை மட்டுமே. அன்றைக்கு ஆதார் எடுக்கும்போது, பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்குக் குத்துமதிப்பாக ஒரு வருடத்தைப் போட்டுவிட்டார்கள். பேரன் பேத்திக்குக் கல்யாணமே ஆகியிருக்கும், ஆதாரில் வயது 66. திருத்தப் போனால் ஆவணம் கேட்பார்கள். அந்தக் காலத்துக்காரரிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? ஆகவே ஆதாரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அல்ல. இன்னொன்று, இந்த அட்டை உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். மாதாந்திர மாத்திரைக்கும் ஓ.பி. டாக்டர் ஃபீஸுக்கும் ஆகாது. சேர்ப்பதற்கு முன், அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த அட்டையை ஏற்பார்களா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

வய வந்தனாவோ ஆபாவோ, பதியும்போது ஓடிபி பெரும்பாலும் ஆதாரோடு இணைத்த நம்பருக்குத்தான் போகும். அது எந்த நம்பர்? பல வீடுகளில் என்றோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம். பயன்பாடே இல்லாமல் 90 நாள் போனால் இணைப்பைத் துண்டித்து, அதே நம்பரைப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் அம்மாவின் ஓடிபி யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போகும். ஆதார் சேவை மையத்தில் நம்பரை மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் கருவிழியை எடுக்கச் சொல்லுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டுக் காரியத்தை முடிப்பார், விடாதீர்கள்.

போனிலேயே அரசு மருத்துவரைப் பார்க்க இ-சஞ்சீவனி இருக்கிறது, இலவசம். காசு கேட்டால் அது வேறு ஏதோ செயலி. பேரன்தான் பதிந்து கொடுப்பான். பெயரும் வயதும் நோயாளியுடையதாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சீட்டு அவன் பெயரில் வரும். தூக்க மாத்திரை போல போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகள் பலவற்றை இதில் எழுத முடியாது. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

மறதி நோய் உள்ளவரையும் கேமரா முன்னால் உட்கார வைத்தே ஆக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. 2020-ஆம் ஆண்டு தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, தானாகப் பேச முடியாத நிலையில் இருப்பவருக்காக அவரைக் கவனித்துக்கொள்பவரே மருத்துவரிடம் பேசலாம். அதற்குத் தனிக் கடிதம் வேண்டாம்.

இவ்வளவும் ஸ்மார்ட்போன் இருக்கும் வீட்டுக்கு. இல்லாதவர் பட்டன் போனிலேயே 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள். துணை சுகாதார நிலையத்துக்குப் பழைய மருந்துச் சீட்டை எடுத்துப்போய், செவிலியர் பெயரை எழுதிக்கொள்ளும்வரை அங்கேயே இருங்கள்.