அஜைல்: விரைவும் இல்லை, சுறுசுறுப்பும் இல்லை

"விரைவு மென்பொருள் உருவாக்கம்." போன வாரமும் ஒரு கூட்டத்தில் இது காதில் விழுந்தது. பேசியவர் அஜைலைத்தான் (agile) சொன்னார்: மென்பொருளைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து கொடுத்து, மாற்றத்துக்கு ஈடுகொடுத்தபடி போகும் முறை. சொன்னதோடு நிற்கவில்லை. "பெயரிலேயே விரைவு இருக்கிறது, ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடிக்கத்தான் இந்த முறை" என்று விளக்கமும் கொடுத்தார். அந்தப் பெயரில் விரைவைக் கொண்டுவந்து வைத்தவர் மொழிபெயர்ப்பாளர். பழி மட்டும் முறையின் தலையில்.

அஜைல் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'அகெரே' என்றால் இயக்கு, ஓட்டு, செய். அதிலிருந்து 'அகிலிஸ்': தடையில்லாமல் இயங்கக்கூடியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ஓர் அறிக்கை எழுதியபோது மென்பொருள் துறையில் அது பெயராக நிலைத்தது. அதற்கு முன் இவற்றை 'எடை குறைந்த முறைகள்' என்று சொல்லிவந்தார்கள். எடை குறைந்த ஆள் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்?

இனி விரைவுக்கு வருவோம். அறிக்கையோடு சேர்ந்த 12 கொள்கைகளில் ஒன்று, வேலையின் நடை காலவரையின்றித் தாங்கக்கூடியதாக, ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறது. மூச்சு வாங்க ஓடச் சொல்லும் முறை இப்படி எழுதிவைக்குமா? இன்னொரு கொள்கை, இயங்கும் மென்பொருளைச் சில வாரங்களுக்கு ஒருமுறையோ சில மாதங்களுக்கு ஒருமுறையோ கொடுக்கச் சொல்கிறது. அடிக்கடி கொடுப்பது வேறு, வேகமாகச் செய்வது வேறு. சிறு துண்டாகக் கொடுத்தால் "நான் கேட்டது இது இல்லையே" என்ற பேச்சு இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடும். பத்தாவது மாதத்தில் வந்தால் இடித்துக் கட்ட வேண்டும். மொத்த வேலை இதனால் சீக்கிரம் முடியலாம், முடியாமலும் போகலாம். வீண் வேலை குறையும் என்பதுதான் கணக்கு.

சிலர் தூய தமிழ்ப் பற்றில் பழஞ்சொல் தேடுகிறார்கள். 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்கிறது தொல்காப்பிய உரியியல். கதழ் முறை, துனை முறை என்று எவ்வளவு அழகாக வைத்தாலும் உள்ளே இருப்பது அதே விரைவுதான். சொல் தூய்மையாக இருந்து பொருள் அழுக்காக இருந்தால் என்ன பயன்?

இந்த ஒரு தவறு குட்டியும் போட்டிருக்கிறது. அஜைல் வகைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறையில் ஸ்பிரின்ட் என்பது ஒரு மாதத்துக்கு மிகாத, முன்பே குறித்த காலக் கூறு. அதை 'விரைவோட்டம்' என்று எழுதினால், ஓட்டம் முடிந்த மறுநாளே அடுத்த ஓட்டம், ஆண்டு முழுக்க. (ஆங்கிலப் பெயரே மோசம்தான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.) அதைவிடக் கேடு 'வெலாசிட்டி'. ஒரு ஸ்பிரின்டில் முடித்த வேலைகளுக்குக் குழு தானே போட்டுக்கொண்ட மதிப்பீட்டுப் புள்ளிகளின் கூட்டுத்தொகை அது. அடுத்த முறை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் குழு கணிக்க மட்டுமே உதவும். 'வேகம்' என்று பெயர்த்ததும் மேலாளர் இரண்டு குழுக்களின் வேகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பின்தங்கிய குழு அடுத்த மாதம் புள்ளிகளைத் தாராளமாகப் போடுகிறது. வேகம் கூடிவிடுகிறது, வேலை அதேதான்.

'சுறுசுறுப்பான மென்பொருள் உருவாக்கம்' அகராதியின் முதல் வரியோடு மூடிவைத்தவர்களின் கைவண்ணம். சுறுசுறுப்பு ஆளின் குணம். அதன் எதிர்ச்சொல் சோம்பல். அப்படியானால் வேறு முறையில் வேலை செய்பவர்கள் எல்லாம் சோம்பேறிகளா? 'தகவெளிமை' என்றொரு சொல்லும் உலவுகிறது. யோசித்துச் செய்தது, மதிக்கிறேன். எளிமையும் அந்த 12 கொள்கைகளில் உண்டு. ஆனால் காதில் 'எளிமை' மட்டும்தான் தங்குகிறது, கடைப்பிடிக்கவும் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். 'தக வெளிமை' என்று பிரித்துப் படித்தவரையும் பார்த்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள பெரிய கோபம் வேறு. அறிக்கையின் நான்கு வரிகளும் ஒப்பீடுகள். விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருள், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுத்தல் என்று போகும். இதில் 'விட' வர வேண்டிய இடத்தில் 'பதிலாக' என்று எழுதுகிறார்கள். "அஜைலில் ஆவணமே கிடையாது, திட்டமே போட வேண்டாம்" என்ற பேச்சுக்கு இதுவே போதும். ஆவணம், திட்டம் போன்றவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அறிக்கையின் கடைசி வாக்கியம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதுவரை படித்தால்தானே! ஒரு சொல்லுருபை மாற்றி முறையையே தலைகீழாக்கிவிட்டார்கள்.

என் பரிந்துரை 'தகவமை'. உயிரியல் பாடத்தில் தகவமைப்பு என்று பள்ளியிலேயே படித்த சொல். சூழல் மாற அதற்கேற்ப மாறுவது. அந்த 17 பேரில் ஒருவரான ஜிம் ஹைஸ்மித் தம் முறைக்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயரும் இதே பொருள்தான் தரும். இடத்துக்கேற்ப உடலைத் திருப்பும் லாவகம் இதில் கொஞ்சம் குறைகிறது, உண்மை. ஆனால் யாரையும் தவறான பக்கம் ஓடவைக்காது.

தகவமை முறை, தகவமை குழு என்று எழுதலாம். வினைத்தொகை என்பதால் தகவமைந்த, தகவமைகிற, தகவமையும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். நடுவில் வல்லினமும் மிகாது. மெய்ப்புத் திருத்துபவர் 'தகவமைக் குழு' என்று ஒரு க்-ஐச் செருகுவார். அடித்துவிடுங்கள்.