அகதியா, ஏதிலியா?

‘அகதி’ தமிழில் நெடுநாள் புழங்கும் வடசொல். ‘நீயே கதி’ என்கிறோமே, அந்தக் கதி, அதாவது புகல், இல்லாதவர் அகதி. ஒருவரிடம் இல்லாததைச் சொல்லி அதோடு நின்றுவிடுகிற சொல்.

ஆங்கிலத்து ‘ரெஃப்யூஜி’ வந்த வழி வேறு. 1598 முதல் ஹியூகனாட் என்னும் பிரெஞ்சு சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி மன்னர் பறித்தார். தப்பி இங்கிலாந்தில் கரையேறியவர்களோடு அந்தப் பிரெஞ்சுச் சொல்லும் கரையேறியது. ‘ஓடு’ என்னும் இலத்தீன் வினை அதன் வேர் என்றாலும், ஓடிச் சேர்ந்த இடமும் அதன் பொருளில் உண்டு.

அப்படியொரு குடும்பத்தில் 1713இல் பிறந்தவர் அந்தோணி பெனிசே. இரண்டு வயதில் பிரான்ஸை விட்டு வெளியேறி, ராட்டர்டாம், லண்டன் வழியாக 1731இல் ஃபிலடெல்ஃபியா சேர்ந்தார். பகலில் பள்ளி ஆசிரியர். 1750 முதல் மாலையில் தம் வீட்டிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அவர்களுக்கு அறிவு மட்டு என்ற அக்காலப் பேச்சை, ‘என்னிடம் படிப்பவர்களை நான் அறிவேன்’ என்கிற ஆசிரியரின் உரிமையோடு மறுத்து எழுதினார். அன்று கினி எனப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் அடிமை வணிகம் பற்றி 1771இல் அவர் வெளியிட்ட நூல்தான் பின்னர் இங்கிலாந்தில் தாமஸ் கிளார்க்சனை அடிமை ஒழிப்புப் பணிக்குள் இழுத்தது. இவரை எந்தக் கணக்கில் கதியற்றவர் என்பது?

ஈழத்து எழுத்திலும் தனித்தமிழ் எழுத்திலும் ‘ஏதிலி’ உண்டு. ‘ஏதும் இல்லாதவர்’ என்று அதைப் பிரிப்பது வலிந்து கொண்ட பொருள். ‘ஏதிலார் குற்றம்போல்’ என்ற குறளில் ஏதிலார் அயலார்தான். ஆனால் அரை நூற்றாண்டு ஓர் ஊரில் வாழ்ந்து, அதன் மனச்சாட்சியோடு மல்லுக்கு நின்றவரை அயலார் என்பதும் எனக்கு ஒட்டவில்லை.

‘அடைக்கலம்’ இன்னும் ஆழமான சொல். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்று பெயர். அங்கே பொறுப்பு, ஏற்றுக்கொண்டவர் தலையில்.

விண்ணப்பம் முடிவாகாதவருக்குச் செய்தித்தாள்களின் ‘புகலிடக் கோரிக்கையாளர்’ சரியானது. இன்னும் துரத்தப்படும் நிலையில் இருப்பவருக்கு ‘அகதி’ இருக்கட்டும், எல்லோருக்கும் புரிகிறது. பெனிசே போன்றவருக்கு அதைப் பெயராக ஒட்டாமல், ‘அகதியாக வந்த அடிமை ஒழிப்புச் செயற்பாட்டாளர்’ என்று எழுதலாம்.