சைட் வேர்ட்: பார்வைச் சொல்லா, உடனறி சொல்லா?

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைக்குச் சீக்கிரமே ஒரு பட்டியல் வந்துவிடும். 'தி' (the), 'ஆஃப்' (of), 'வாஸ்' (was), 'ஸெட்' (said), 'தே' (they) என்று சின்னச் சின்னச் சொற்கள், மேலே 'சைட் வேர்ட்ஸ்' (sight words) என்று தலைப்பு. தமிழில் இதைப் 'பார்வைச் சொற்கள்' என்றும் 'காட்சிச் சொற்கள்' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. பெயரை எப்படிப் புரிந்துகொள்கிறோமோ அப்படித்தான் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லியும் கொடுக்கிறோம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

'சைட்' என்றால் பார்வை, சரி. ஆனால் இங்கே அது 'கண்டவுடன்', 'பார்த்த மாத்திரத்தில்' என்ற பொருளில் வருகிறது. முன்பின் பழகாத இசைக்குறிப்பை அப்படியே பார்த்து வாசிப்பதை 'சைட் ரீடிங்' என்கிறார்களே, அதே பொருள்தான். எழுத்துக்கூட்டாமல், தயங்காமல், கண் பட்டதும் வாய்க்கு வந்துவிடும் எந்தச் சொல்லும் சைட் வேர்ட்தான். இந்த வரியில் இருக்கும் எல்லாச் சொல்லும் உங்களுக்கு அப்படித்தான். ஒரு குழந்தைக்கு அப்படிப் பழகிவிட்ட சொல் பக்கத்துக் குழந்தைக்கு இன்னும் பழகாமல் இருக்கலாம்.

பட்டியலின் கதை வேறு. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல், குழந்தைகளுக்கான மூன்று சொற்பட்டியல்களை ஒப்பிட்டு 220 சொற்களைத் தொகுத்தார். பெயர்ச்சொற்களை அதில் சேர்க்கவில்லை, 95 பெயர்ச்சொற்களைத் தனியாக வைத்தார். பெயர்ச்சொல் கதைக்குக் கதை மாறும், இந்த 220 எந்தக் கதையிலும் வரக்கூடியவை. அவற்றில் வினைகளும் உண்டு, ஆனாலும் நிறையச் சொற்கள் நம் இலக்கணத்தின் இடைச்சொல் போலத் தனியே நின்று பொருள் தராதவை. 'ஆஃப்' என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் படம் வரைந்தா காட்ட முடியும்? பிறகு 1957-இல் எட்வர்ட் ஃப்ரை இன்னொரு பட்டியல் போட்டார், அது பின்னாளில் 1000 சொற்கள் வரை வளர்ந்தது.

டால்ச்சின் காலத்தில் முழுச் சொல்லையும் பார்த்துச் சொல்லவைக்கும் முறை பரவலாக இருந்தது. அதோடு சேர்ந்து, சைட் வேர்ட் என்றால் படம்போலக் கண்ணில் பதியவைக்க வேண்டிய சொல் என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. 'பார்வைச் சொல்' என்னும்போது அதே எண்ணம் தமிழுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் வாசிப்பை நெடுங்காலம் ஆராய்ந்த லின்னியா எஹ்ரி போன்றவர்கள் சொல்வது வேறு: சொல்லின் ஒலிகளும் எழுத்துகளும் ஒன்றோடொன்று பிணையும்போதுதான் அது நினைவில் நிலைக்கிறது. பட்டியலில் உள்ள 'கேன்', 'பிக்', 'ஹாட்', 'ரன்' எல்லாம் எழுத்துக்கூட்டியே படிக்கக்கூடியவை. அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை.

முரண்டு பிடிக்கிற சொல்லிலும் முழுச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. 'ஸெட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல் எழுதிய அட்டையைக் காட்டாமல் சொல்லை வாயால் சொல்லி, எத்தனை ஒலி என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள்: ஸ், எ, ட் என்று மூன்று. அப்புறம் எழுதிக் காட்டுங்கள். முதலில் எஸ், கடைசியில் டி, இரண்டும் ஒழுங்காகத் தம் ஒலியையே தருகின்றன. நடுவில் ஏ (a), ஐ (i) இரண்டும் சேர்ந்து 'எ' என்று ஒலிப்பதுதான் சிக்கல், அந்த இடத்துக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். பிள்ளை சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஒருமுறை எழுதட்டும், பிறகு ஒரு கதைப் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடட்டும். கதையில் யாராவது பேசினாலே அது வந்துவிடும்.

ஒரு வேளைக்கு மூன்று நான்கு சொல் போதும், ஐந்து நிமிடம் போதும். 'வாஸ்' (was), 'ஸா' (saw) இரண்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். இரண்டிலும் அதே மூன்று எழுத்துகள்தான், வரிசை மட்டும் தலைகீழ். ஒன்று நன்றாகப் படிந்தபிறகு மற்றது வரட்டும். அட்டையை வேகவேகமாகப் புரட்டித் தேர்வு வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தடுமாறினால் 'என்ன ஒலியில் தொடங்குகிறது?' என்று கேளுங்கள், 'நேற்றுத்தானே சொன்னேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், பாவம் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கண்டறி' என்பதற்குக் கண்டுபிடி என்ற பொருள் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் அது உதவாது. நான் 'உடனறி சொல்' என்றே எழுதுகிறேன், பார்த்த உடன் அறியும் சொல். 'படர்கொடி' போல வினைத்தொகை என்பதால் நடுவில் 'ச்' போட வேண்டாம். டால்ச், ஃப்ரை பட்டியல்களில் இருப்பவற்றை 'அடிக்கடி வரும் சொற்கள்' என்றும், 'ஸெட்' போன்றவற்றை 'ஒலி பிறழும் சொற்கள்' என்றும் பிரித்துச் சொல்லலாம். மூன்றையும் ஒரே பெயரில் அடைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

தமிழ் வாசிப்புக்கும் இப்படிப் பட்டியல் வேண்டுமா என்றால், ஒலி பிறழும் சொற்களுக்காகத் தேவையில்லை. 'க' ஓரிடத்தில் வல்லொலியாகவும் இன்னோரிடத்தில் மெல்லியதாகவும் ஒலித்தாலும் பெரும்பாலும் அது இடத்தைப் பொறுத்து ஒழுங்காகவே மாறுகிறது. ஆனால் 'என்று', 'இந்த', 'அப்போது', 'ஆனால்' போன்றவை பக்கத்துக்குப் பக்கம் வருபவை. கதை படிக்கும்போது அவற்றில் பிள்ளை தயங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள், தயங்கினால் அதே கதையை மறுநாளும் படிக்கவையுங்கள்.