ஒருமுறை ஓட்டி வந்த குழுவை நம்பி யாரையும் சந்தேகிக்காதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடன் நிறுவனத்துக்காக, மோசடிக் கும்பல் ஏதும் இருக்கிறதா என்று வலைப்பின்னல் ஆய்வு செய்து கொடுத்தேன். கடன் கேட்டவர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. இருவர் ஒரே செல்போன் எண்ணையோ முகவரியையோ கொடுத்திருந்தால் இடையில் ஒரு கோடு. நெருக்கமாக இணைந்த புள்ளிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் லூவான் அல்காரிதத்தை ஒரே ஒருமுறை ஓட்டினேன். தற்செயலாக எதிர்பார்ப்பதைவிடக் குழுக்களுக்குள் எவ்வளவு அதிகக் கோடுகள் இருக்கின்றன என்று காட்டும் மதிப்பு மாடுலாரிட்டி; அதைக் கூட்டுவதுதான் லூவானின் குறிக்கோள். அது 0.8-ஐத் தாண்டியது. அதை நம்பி, வந்த குழுக்களை அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒரு குழுவில் இருந்த எல்லோருடைய மனுவும் நிறுத்தப்பட்டது. அப்புறம் விசாரித்தால், அதில் பாதிப் பேர் செய்த தவறு ஒன்றுமே இல்லை. சொந்தமாகப் போன் இல்லாததால் ஊர் ரீசார்ஜ் கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தவர்கள். உண்மையில் சந்தேகப்பட வேண்டிய சின்னக் கூட்டம் பக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டை வைத்து அல்காரிதம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பயிர்க் கடனுக்குக் காத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

இது அல்காரிதத்தின் கோளாறு அல்ல, அதன் இயல்பு. மாடுலாரிட்டியைக் கூட்டப் பார்த்தால் சின்னக் குழுக்கள் ஒன்றாகிவிடும் என்பதை ஃபோர்ட்டுனாட்டோ, பார்த்தெலமி என்ற இரு ஆய்வாளர்கள் 2007-லேயே காட்டிவிட்டார்கள். ஐந்து ஐந்து பேராக 30 கூட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எல்லோரும் எல்லோரோடும் இணைந்தவர்கள். பக்கத்துக் கூட்டத்தோடு ஒரே ஒரு கோடு, மொத்தமும் ஒரு வளையம். குழந்தையைக் கேட்டாலும் 30 குழு என்று சொல்லிவிடும். ஆனால் 30 ஆகப் பிரித்தால் மாடுலாரிட்டி 0.876, இரண்டிரண்டாகச் சேர்த்து 15 ஆக்கினால் 0.888. தவறான பிரிவுக்குத்தான் மதிப்பு கூடுதல்! வலைப்பின்னல் பெரிதாகப் பெரிதாக, சின்னக் குழுக்கள் இப்படி விழுங்கப்படுவதும் கூடும்.

இதற்காகத்தான் காமா என்ற ரெசல்யூஷன் அளவுரு இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்களில் அது 1 என்றே வைக்கப்பட்டிருக்கும். 1 தான் சரி என்று நம் தரவு எங்கேயும் சொல்லவில்லை. கூட்டினால் குழுக்கள் சிறிதாகும், குறைத்தால் பெரிதாகும். நான் இப்போது 0.5-இலிருந்து 3 வரை சின்னச் சின்னப் படிகளாக மாற்றிப் பார்க்கிறேன். ஒரு பிரிவு பல படிகளுக்குக் கலையாமல் நின்றால் அதைக் கவனிப்பேன். ஒரே படியில் மட்டும் தலைகாட்டும் குழுவை நம்புவதில்லை. அந்தப் பழைய தரவில் காமாவைக் கொஞ்சம் கூட்டியதுமே ரீசார்ஜ் கடைக் கூட்டம் தனியாக விலகி நின்றது.

கோட்டின் எடையையும் சரிசெய்ய வேண்டும். இருவர் மட்டும் பகிரும் எண்ணும் ஐம்பது பேர் பகிரும் எண்ணும் ஒரே மாதிரிச் சாட்சியாக முடியாது. எத்தனை பேர் பகிர்கிறார்களோ அவ்வளவுக்கு எடையைக் குறைக்கிறேன். காமாவைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

லூவானுக்குப் பதில் லெய்டன் அல்காரிதத்துக்கு மாறிவிட்டேன். லூவானில், பாலமாக இருந்த ஒரு புள்ளி வேறு குழுவுக்குப் போனால், மிச்சமிருப்பவை தங்களுக்குள் தொடர்பே இல்லாமல் ஒரே குழுவாகத் தொங்கும். 2019-இல் லெய்டனை வெளியிட்ட டிராக், வால்ட்மன், வான் எக் மூவரும் சோதித்த வலைப்பின்னல்களில், இப்படித் துண்டுபட்ட குழுக்கள் 16 சதவீதம் வரை இருந்தன. தொடர்பே இல்லாத இருவரை ஒரே கும்பல் என்று எழுதிக் கொடுத்தால் யார் பதில் சொல்வது?

எதில் ஓட்டினாலும், தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் சீடு எண்ணை மாற்றினால் விடை மாறலாம். அதனால் ஒருமுறை போதாது, நூறு முறை ஓட்டுங்கள். புள்ளிகளின் இணைப்பு எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, கோடுகளை மட்டும் கலைத்துப்போட்டு அதையும் ஓட்டிப் பாருங்கள். வெறும் தற்செயல் வலைப்பின்னலிலும் கணிசமான மாடுலாரிட்டி வரும் என்பது அப்போது கண்ணால் தெரியும்.

இப்போது நான் கொடுக்கும் அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண் இருக்கும்: நூறு ஓட்டங்களில் இவர் எத்தனை முறை இதே குழுவில் இருந்தார் என்று. அது 60-க்குக் கீழே போனால் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கூடினாலும், மனுவை நிறுத்துவதற்கு முன் நேரில் ஒருவர் போய் விசாரிக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.