தத்தமி: மடிக்க முடியாத மடிப்பு

ஜப்பானிய வீடுகளின் தரையில் பதிக்கப்படும் தடித்த பாய்தான் தத்தமி. ‘டாடாமி’ என்பது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்த வடிவம். ஜப்பானியத்தில் அது பல்லைத் தொடும் தகரம். நடுவில் மெலியாமல் ஒலிப்பதால் ‘தத்தமி’ என எழுதுவதே நெருக்கமானது.

வேர்ச்சொல் ‘தத்தமு’. மடித்தல், மடித்து அடுக்குதல் என்பது பொருள். கி.பி. 712இல் தொகுத்த கொஜிகி என்ற பழைய ஜப்பானிய வரலாற்று நூலில், கோரை இனப் புல், தோல், பட்டு ஆகிய ‘தத்தமி’ விரிப்புகளை எட்டெட்டு அடுக்காகக் கடலலைமீது விரிக்கும் காட்சி வருகிறது. ஹெயான் காலத்தில் (794–1185) பலகைத் தரையில், மேன்மக்கள் அமரும் இடத்தில் மட்டும் தத்தமி போட்டார்கள். முரோமாச்சி காலத்தில் (14–16ஆம் நூற்றாண்டு) அறை முழுக்கப் பதிக்கும் வழக்கம் பரவியது. அதன்பின் மடிப்பு பெயரில் மட்டும் நின்றுவிட்டது.

‘தோக்கோ’ என்பது உட்கட்டு. வைக்கோலைக் குறுக்கும் நெடுக்குமாக ஏறத்தாழ 40 செ.மீ. அடுக்கி, 5 செ.மீ. அளவுக்கு அழுத்தித் தைப்பார்கள். அப்படிச் செய்த ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். இன்று உள்ளே நுரைப்பலகை வைத்த இலேசானவையே மிகுதி. மேலே ‘ஒமொத்தே’ என்ற இகுசாப் புல் நெசவு, நீள ஓரங்களில் ‘ஹெரி’ என்ற துணிப்பட்டை.

அறையை இதைக் கொண்டே அளக்கிறார்கள். ஆனால் அளவு ஊருக்கு ஊர் மாறும். கியோத்தோ வழக்கில் 191 × 95.5 செ.மீ., தோக்கியோ வழக்கில் 176 × 88 செ.மீ. ஆறு பாய் அறை என்றால் கியோத்தோ வழக்கில் ஏறத்தாழ 10.9 சதுர மீட்டர், தோக்கியோ வழக்கில் 9.3தான்.

ஈரம் இதற்குப் பகை. ஜூன், ஜூலை மழையில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மேலே கம்பளம் விரித்தால் ஈரம் அடியிலேயே தங்கும். நெசவுப்போக்கில் பெருக்கி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சில ஆண்டுகளில் வெளுத்தால் ஒமொத்தேயைக் கழற்றி மறுபுறம் திருப்பித் தைக்கலாம். இது ஒரே முறைதான். காலம் தாழ்த்தினால் மறுபுறமும் பழுத்துவிடும். ஒவ்வொரு பாயும் அதன் இடத்துக்கென்றே வெட்டியது. தூக்குமுன் அடியில் எண் குறிக்காவிட்டால், திரும்பப் போடும்போது இடுக்கு விழும்.

தமிழில் என்ன சொல்லலாம்? வெறும் ‘பாய்’ போதாது. நம் பாய் சுருட்டி மூலையில் நிறுத்துவது. வேர்ப்பொருளைப் பிடித்து ‘மடிப்பாய்’ என்றால் ‘நீ மடிப்பாய்’ என்ற வினைமுற்றோடு குழம்பும், மடியாத பொருளுக்குப் பொருந்தவும் செய்யாது. ‘கோரைத்தளம்’ என்பதும் பிழை. பத்தமடைப் பாயின் கோரை வேறு குடும்பம், இகுசா வேறு குடும்பம். தரையோடு தரையாகப் பதிவதைச் சொல்லும் ‘தளப்பாய்’ என்பதே என் தேர்வு: ஆறு தளப்பாய் அறை, தளப்பாய் மேலுறை, தளப்பாய் உட்கட்டு.