டயோராமா என்றால் காட்சிக்களம்

போர்விமானத்தின் சிறு மாதிரி ஒன்றைக் கட்டி, ஒரு தாங்கியில் ஏற்றி அலமாரியில் வைத்தால் அது மாதிரி மட்டும்தான். அதே விமானத்துக்குக் கீழே ஓடுதளத்தின் ஒரு துண்டு, ஓரத்தில் புல், பக்கத்தில் எரிபொருள் வண்டி, ஏணியில் கால் வைத்த விமானி என்று ஓர் இடத்தையும் நேரத்தையும் அமைத்துவிட்டால் அது டயோராமா. நம் குமரி மாவட்டத்தில், நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பிள்ளை இதை வீட்டில் விளக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. "கிறிஸ்துமசுக்குக் குடில் கட்டுவோம்லா, அதுமாதிரி." சரியான விளக்கம் அது. வைக்கோல் கூரையும், கசக்கிச் சாயம் அடித்த காகித மலையும், முன்னால் பெரிய ஆடும் மலைமேல் சின்ன ஆடுமாக வைக்கும்போது நம் ஊர்க்காரர்கள் செய்வது டயோராமாவேதான். தூரத்தைக் காட்டப் பின்னால் சிறிய அளவை வைக்கும் அந்த வித்தையை விமான மாதிரி கட்டுபவர்களும் அப்படியே செய்கிறார்கள். முன்னால் 1/72, அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு; பின்னணி மரங்களும் கட்டடங்களும் அதில் பாதியான 1/144.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். கிரேக்கத்தில் 'தியா' என்றால் ஊடாக, 'ஹொராமா' என்றால் காட்சி. இரண்டையும் சேர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் லூயி தாகேர். பின்னாளில் புகைப்பட முறைக்குப் பெயர் பெற்ற அதே தாகேர்தான். ஓவியர் பூத்தோனும் அவரும் சேர்ந்து 1822இல் பாரீசில் ஓர் அரங்கைத் திறந்தார்கள். ஏறக்குறைய 22 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் உள்ள மெல்லிய துணியின் இரு பக்கமும் ஓவியம். முன்னிருந்து வெளிச்சம் விழுந்தால் பகல். திரைகளை இழுத்துப் பின்னிருந்து வெளிச்சம் விட்டால் அதே ஓவியம் இரவாகும். பார்வையாளர்கள் அமர்ந்திருந்த மேடையே சுழன்று அடுத்த ஓவியத்தின் முன் நின்றது. ஒளி துணிக்கு ஊடாக வந்ததால் 'ஊடாகக் காணும் காட்சி' என்ற பெயர் அன்றைக்கு வெகு பொருத்தம். 1839இல் அந்த அரங்கு எரிந்துபோனது. பனோரமா என்ற சொல்லும் இதே 'ஹொராமா'வில் பிறந்ததுதான். அங்கே முன்னொட்டு 'எல்லாம்' என்ற பொருள் தரும் 'பான்'.

அரங்கு போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்த விலங்குகளை நிறுத்தி, பின்சுவரில் காட்டை வரைந்து வைக்கும் அமைப்புக்கு அந்தப் பெயர் போனது. அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி அமைத்த நீரெலிக் காட்சி அதில் பெயர்பெற்றது. அப்புறம் 1970களில் மோனோகிராம் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கிட் (மாதிரியைக் கட்டுவதற்கான பாகங்கள்) பெட்டிகளுக்குள் ஷெப் பெய்ன் என்ற கலைஞரின் டயோராமாக்களும் அவற்றைக் கட்டும் குறிப்புகளும் வந்தன. மாதிரி கட்டுபவர்களிடையே இந்தச் சொல் வேரூன்றியதில் அந்தத் தாள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் செயல் சொல்லைவிடப் பழையது. புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தது 1223இல்.

தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'ஊடுகாட்சி' என்றால் தாகேரின் துணிக்குப் பொருந்தும், நம் மேசைமேல் நிற்கும் விமானத்துக்குப் பொருந்தாது. 'முப்பரிமாணக் காட்சி' எல்லை மீறிய சொல். சிலையும் முப்பரிமாணம்தான், கண்ணாடி போட்டுப் பார்க்கும் சினிமாவும் அதுதான். 'காட்சிப்பேழை' என்பது பெட்டிக்குப் பெயர், உள்ளே இருப்பதற்கு அல்ல. 'குடில்' என்றே சொல்லலாமா என்றால், நம் மாவட்டத்தில் புரியும், ஆனால் அது பெத்லகேமை விட்டு நகராது.

நான் முன்வைப்பது 'காட்சிக்களம்'. களம் என்பது ஒன்று நடக்கிற இடம். நெல் அடிப்பதும் களம், போர் நடப்பதும் களம். இன்னொரு காரணமும் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துக்கு உரிய மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள். டயோராமாவுக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நூல் அரங்கேறியபோது கேட்டுத் தேர்ந்தவர் அதங்கோட்டு ஆசான் என்று பாயிரம் சொல்லும். அந்த அதங்கோடு நம் மாவட்டத்து ஊர் என்று கொண்டாடுகிறோம். நம் பிள்ளைகள் கட்டும் களத்துக்கு அந்த இலக்கணத்தை உரைகல்லாக வைப்பதில் என்ன தடை?

வைத்துப் பார்ப்போம். 1971 டிசம்பர் 14 காலை, ஸ்ரீநகர். பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தளத்தைத் தாக்கிக்கொண்டிருக்க, 18ஆம் படைப்பிரிவின் நிர்மல் ஜித் சிங் செகோன் 'நாட்' (Gnat) என்ற தன் சிறு போர்விமானத்தில் மேலெழுந்தார். அன்று வீரமரணம் அடைந்த அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்திய விமானப்படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. நாட் விமானத்தின் இறக்கை அகலம் சுமார் 6.7 மீட்டர், 1/72 அளவில் ஒன்பதேகால் சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும் விமானம். அதைக் குறையில்லாமல் ஒட்டி, சாயமடித்து, டீகல் என்னும் ஒட்டுச் சின்னங்களைப் பதித்துவிட்டு, சுற்றிலும் பச்சைப் புல் நட்டால் களம் பொய்யாகிவிடும். டிசம்பர் ஸ்ரீநகரில் புல் காய்ந்து பழுத்திருக்கும், சினார் மரத்தில் இலை இருக்காது. நிலம் பிழைத்தால் விமானத்தின் அத்தனை நுணுக்கமும் வீண்.

அந்தக் காய்ந்த புல்லுக்குக் தேங்காய்க் கதம்பை (மட்டை) நாரைவிட நல்ல பொருள் கடையில் கிடைக்காது. நிறமே பாதி வேலையை முடித்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி நட்டால் 1/72 கணக்கில் 14 சென்டிமீட்டர் புல். மணலில் கவனம் வேண்டும். அரை மில்லிமீட்டர் துகள் இங்கே மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லி. கடல்மணலை அள்ளிப் போட்டால் ஓடுதள ஓரம் கல் குவித்ததுபோல் ஆகிவிடும். மெல்லிய துணியில் சலித்த மண்ணோ, சுண்ணக்கட்டித் தூளோதான் புழுதியாகத் தெரியும்.

'ஸ்கேல் மாடல்' என்பதற்கு ஒரு வார்த்தை. ஸ்கேல் என்றால் நம் வகுப்பறையில் கோடு போடும் அடிக்கோல், ஆகவே 'அளவுவிகித மாதிரி' என்பது குழப்பம் இல்லாதது. 1/72 எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு, ஆறு அடி ஓர் அங்குலம் ஆகிறது. ஆறடி விமானி ஓர் அங்குலத்தில் நிற்பார்.

பள்ளிக் கண்காட்சியில் பெயர்ச்சீட்டு எழுதும் ஆசிரியர்கள் முதல் வரியில் காட்சிக்களம் என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் டயோராமா என்றும் எழுதலாம். 'க்' விடாமல் சேர்த்தே எழுதுங்கள். அடுத்து விமானத்தின் பெயர், அளவுவிகிதம், அதோடு இடமும் பொழுதும். 'நாட், 1/72, ஸ்ரீநகர், 1971 டிசம்பர் 14 காலை' என்ற அளவில் போதும். இடத்தையும் பொழுதையும் நிரப்ப முடியாவிட்டால் மாதிரி என்றே எழுதிவிடலாம்.